ரிலே கேப்டன்

ரிலே கேப்டனின் வாரம் திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குத் தொடங்குகிறது. பல் விளக்குவதற்கு முன்பே வாட்ஸ்அப் குழுவில் செய்தி விழுந்துவிடும்: "குட் மார்னிங் டீம். சண்டே எல்லாரும் கன்ஃபர்ம் தானே?" அதன் பின்னால் ஓடுகிற பொம்மை ஒன்று, கட்டைவிரல் ஒன்று, கும்பிடுகிற கை ஒன்று. அடுத்த ஏழு நாளும் அவர் செய்யப்போவதெல்லாம் இந்த ஒற்றை வரிக்கு உரை எழுதுவதுதான்.

பெங்களூர் பீன்யாவில் இவர் இல்லாத தெரு கிடையாது. 1953-ல் எச்எம்டியும் 1954-ல் பெல் என்கிற பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் ஜாலஹள்ளியில் கால் ஊன்றின. பெரிய ஆலைகள் இருக்கும் பக்கம் உதிரிப்பாகம் செய்து கொடுக்கிற சின்னப் பட்டறைகளும் பெருகின. 1970-களில் தும்கூர் சாலையோரம் பீன்யா தொழிற்பேட்டை உருவானது. ஆசியாவின் பெரிய தொழிற்பேட்டைகளில் ஒன்று என்ற பெயரையும் அது வாங்கியது. கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர்ப் பக்கத்தில் ஐடிஐ முடித்துவிட்டு பஸ் ஏறியவர்கள் இங்கே இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் லேத்தில் ஆரம்பித்து, சூப்பர்வைசர் ஆகி, நாற்பதைத் தொட்டதும் சர்க்கரை அளவைப் பார்த்துப் பயந்து ஓட ஆரம்பிப்பார். தனியாக ஓடினால் உடம்புக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதை, ஆறு பேராகச் சேர்ந்து ஓடினால் ஆறு மடங்கு நல்லது என்று எடுத்துக்கொண்டவரே ரிலே கேப்டன்.

இவர் பெரும்பாலும் குவாலிட்டி பிரிவைச் சேர்ந்தவர். அவருடைய குணத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. சிஎன்சியில் செட்டிங் மாற்றினால், வெளியே வருகிற முதல் பீஸை குவாலிட்டி அளந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் லாட் ஓட வேண்டும். துளையைப் பார்க்க பிளக் கேஜ் உண்டு. அதன் கோ முனை உள்ளே போக வேண்டும். நோ-கோ முனை போகக் கூடாது. போனால் ரிஜெக்ட். மூன்றாவதாக ஒரு பதில் இரும்பில் கிடையாது. இருபது வருடம் இரும்போடு பழகிய கேப்டன் மனிதர்களிடமும் இதையே எதிர்பார்க்கிறார். மனிதர்களோ, குறிப்பாக ஞாயிற்றுக்கிழமை விடிகாலை மூன்றரை மணிக்கு எழுந்திருக்க வேண்டிய மனிதர்கள், பிளக் கேஜுக்குப் பிடிபடுவதில்லை.

அவர் கேட்கிற கேள்விக்கு வரும் பதில்கள் ஐந்து வகை. முதல் வகை கட்டைவிரல். இரண்டாவது வகை "பர்த்தீனி சார்" என்ற கன்னட வாக்கு. வருகிறேன் என்பது அதன் சாரம். மூன்றாவது "நோடோணா சார்", அதாவது பார்க்கலாம். நான்காவது "ஷிஃப்ட் பார்த்துச் சொல்றேண்ணா". ஐந்தாவது, இரண்டு நீல டிக் விழுந்து, அதற்கு மேல் எதுவுமே விழாத மௌனம். வேறு யாராவது என்றால் முதல் இரண்டு வகையைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு மீதியைத் துரத்துவார்கள். கேப்டன் துரத்துவது கட்டைவிரலைத்தான். கட்டைவிரல் போட்டவர் செய்தியைப் படித்துவிட்டுப் போட்டாரா, பஸ்ஸில் தூக்கக் கலக்கத்தில் விரல் பட்டுவிட்டதா என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். எனவே திங்கள் இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒவ்வொருவருக்கும் போன் போகும். "தம்ஸ் அப் போட்டிருந்தீங்களே, அது சண்டேக்குத்தானே?"

போனில் உறுதி வாங்கினாலும் அவருக்கு முழுத் திருப்தி வராது. போனில் முகம் தெரியாது. செவ்வாய், புதன் இரண்டு நாளும் நேரடி ஆய்வு நடக்கும். டர்னர் ஒருவர் ஜாபை சக்கில் மாட்டி, கூலன்ட் வழிய, இன்சர்ட் முனையையே பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் ஓர் ஆள் நிற்பது கண்ணாடிக் கதவில் தெரியும். பர் எடுக்காத பீஸா, டிராயிங் மாறிவிட்டதா என்று அவர் பதறித் திரும்பினால் கேப்டன் குனிந்து, மெஷின் சத்தத்துக்கு மேலாகக் காதருகில் கத்துவார்: "ஷூ இருக்கு தானே?" டர்னர் தலையாட்டுவார். "போன வருஷத்து ஷூ தானே?" அதற்கும் ஆட்டுவார். "கன்ஃபர்ம்?" டர்னர் கையிலிருந்த வெர்னியரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டுவார். கேப்டன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, அந்தப் பெயருக்கு நேரே மூன்றாவது டிக்கைப் போட்டுக்கொண்டு அடுத்த மெஷினுக்கு நகர்வார். அந்தத் தாளில் ஒரு பெயருக்கு ஆறு கட்டம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆறும் நிரம்ப வேண்டும்.

ஓட்டத்தின் விவரம் சிறியது. மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரை ஆறு பேர் பங்கு போட்டுக்கொள்வது வழக்கம். உலகத் தடகள அமைப்பின் சாலை ரிலே முறைப்படி இது 5, 10, 5, 10, 5, 7.195 கிலோமீட்டர் என்று பிரியும். பத்து கிலோமீட்டர்த் துண்டு இரண்டும் திங்கட்கிழமை மாலைக் கூட்டத்துக்கு வராதவர்கள் தலையில் விழும். கடைசித் துண்டைக் கேப்டன் எந்த வருடமும் வேறொருவருக்குக் கொடுத்ததில்லை. ஃபினிஷ் கோட்டில் போட்டோகிராஃபர் நிற்பார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது அவர் தரப்பு விளக்கம்.

இந்த விளையாட்டின் வரலாற்றை அவர் நன்றாகவே அறிந்துவைத்திருக்கிறார். சாலை ரிலே ஜப்பானிலிருந்து வந்தது. அங்கே எகிடென் என்பார்கள். 1917-ல் கியோட்டோவிலிருந்து டோக்கியோவரை சுமார் 508 கிலோமீட்டரை 23 கட்டமாகப் பிரித்து மூன்று நாள் ஓடினார்கள். கைமாற்றுவது பேட்டன் என்கிற கட்டையை அல்ல, தோளில் குறுக்காகப் போடுகிற துணிப்பட்டையை. பெங்களூரில் 2007-ல் தொடங்கிய மிட்நைட் மாரத்தானிலும் அலுவலகக் குழுக்களுக்கு ரிலே பிரிவு இருந்திருக்கிறது. இவற்றையெல்லாம் கேப்டன் டீ இடைவேளையில் சொல்வார். ஆனால் அவர் மனம் நிற்பது வரலாற்றில் அல்ல, விபத்தில்.

2008 பீஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுமே நூறு மீட்டர் ரிலேயின் முதல் சுற்றில் கட்டையைத் தவறவிட்டன. 2024 பாரிஸில் அமெரிக்க ஆண்கள் எல்லைக்கு வெளியே கட்டையை மாற்றி இறுதிப்போட்டியில் தகுதி இழந்தார்கள். உலகத்திலேயே வேகமான கால்கள், ஐம்பது கிராமுக்குக் கொஞ்சம் அதிகமாக எடையுள்ள ஒரு குழாயைக் கொடுத்து வாங்கத் தெரியாமல் வீடு திரும்பியிருக்கின்றன. இந்த வீடியோக்கள் கேப்டன் போனில் எப்போதும் தயார். குழுவில் யாராவது "சார், நல்லா பிராக்டிஸ் பண்ணிட்டோம்" என்று நிமிர்ந்தால் உடனே போனை எடுத்துக் காட்டுவார். நம்பிக்கைக்கும் ஒரு வீடியோ வைத்திருக்கிறார். 2023 புடாபெஸ்ட் உலகத் தடகளப் போட்டியின் தகுதிச் சுற்றில் இந்திய ஆண்கள் 4x400 அணி 2 நிமிடம் 59.05 விநாடியில் ஓடி, அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக வந்து ஆசிய சாதனை படைத்தது. கடைசியாக ஓடிய ராஜேஷ் ரமேஷ் தமிழ்நாட்டுக்காரர், ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். "அவரும் நம்மள மாதிரி வேலைக்குப் போற ஆளுதான்" என்று கேப்டன் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். சொல்லி முடித்த கையோடு, "சண்டே கன்ஃபர்ம் தானே?" என்பார்.

வியாழக்கிழமை வாக்கில் இந்த வழக்கம் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. ஞாயிறு விடிகாலை நான்கு மணிக்குள் குளித்தாக வேண்டும். அதற்குத் தொட்டியில் தண்ணீர் இருக்க வேண்டும். ஆகவே, "காவேரித் தண்ணி சனிக்கிழமை வருது, கன்ஃபர்ம் தானே?" என்று மனைவியிடம் கேட்பார். "அதை வால்வுமேன்கிட்ட கேளுங்க" என்று பதில் வரும். கேப்டன் உண்மையிலேயே வால்வுமேனுக்குப் போன் போடுவார். காவேரிப்பட்டணத்தில் இருக்கும் அம்மா இந்த ஞாயிறு வருவதாகச் சொல்லியிருப்பார். "அம்மா, இந்த வாரம் வேணாம், அடுத்த வாரம் வா. வர்றது கன்ஃபர்ம் தானே?" என்பார். "பஸ்ஸுல ஏறி உக்காந்தா கன்ஃபர்ம்டா" என்பார் அந்த அம்மா. ரிலே கேப்டனுக்கு அவர் வாழ்நாளில் கிடைக்கிற அறிவுரைகளிலேயே நேர்மையானது இதுதான். அதை அவர் காதில் வாங்குவதில்லை.

வெள்ளிக்கிழமை டி-ஷர்ட் வரும். சைஸை மூன்று முறை கேட்டு, எக்ஸல் ஷீட்டில் ஏற்றி, கடைக்காரரிடம் இரண்டு முறை ஒப்பித்திருப்பார். பிரித்துப் பார்த்தால் ஆறும் எக்ஸ்எல். இதைப்பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. எல்லா அணிகளிலும் எல்லா வருடமும் நடப்பது.

சனிக்கிழமை பள்ளியில் பெற்றோர் கூட்டம். மகளின் கணக்கு மார்க்கைப்பற்றி டீச்சர் கவலையோடு பேசிக்கொண்டிருக்கையில் கேப்டன் மடியிலிருக்கும் போன் அதிரும். நான்காவது லெக் ஓடுகிறவர், முழங்கால் வலிக்கிறது என்று எழுதியிருப்பார். கேப்டன் முகம் வெளுத்துவிடும். டீச்சர் அதைத் தந்தையின் வேதனை என்று எண்ணி, "அவ்வளவு மோசமில்லை சார், பிக்கப் பண்ணிடுவா" என்று ஆறுதல் சொல்வார். "கன்ஃபர்ம் தானே மேடம்?" என்று கேட்டுவிட்டு அவர் வராந்தாவுக்கு ஓடுவார். மீதிக் கூட்டத்தை மனைவி கேட்டு முடிப்பார்.

இந்த இடத்தில் ரிலேயின் ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். கட்டை கீழே விழுந்தால், யார் கையிலிருந்து விழுந்ததோ அவரே எடுக்க வேண்டும். கேப்டனுக்கு இந்த விதி மனப்பாடம். வீட்டில் மட்டும் அது செல்லுபடியாவதில்லை. அந்த ஒரு வாரத்தில் அவர் கையிலிருந்து விழுகிறவை: கரண்ட் பில், கேஸ் புக்கிங், மகனின் ஸ்கூல் ஷூவுக்கு பாலிஷ், மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு எழுத வேண்டிய மொய். அத்தனையையும் குனிந்து எடுப்பவர் ஒரே ஆள், மனைவி. அவரும் வேலைக்குப் போகிறவர்தான்; கார்மென்ட்ஸிலோ பள்ளியிலோ ஒன்பது மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவர்தான். அவரிடம் ஓட வருகிறாயா, வரவில்லையா என்று யாரும் கேட்டதில்லை. அவர் வருகை எப்போதும் கன்ஃபர்ம் என்பது கேப்டனின் அபிப்பிராயம். இதில் சிரிக்க எதுவுமில்லை. வெளியே இருக்கிற ஐந்து பேரிடம் ஆறு கட்டத்துக்கு டிக் வாங்குகிற மனிதர், உள்ளே இருக்கிற ஒருவரிடம் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

சனி மாலை அவர் சமையலறை வாசலில் நின்று, "ராத்திரி சாப்பாடு எட்டு மணிக்கு கன்ஃபர்ம் தானே? சீக்கிரம் படுக்கணும்" என்பார். "சாப்பாடு கன்ஃபர்ம்ங்க. சாப்பிட ஆள் கன்ஃபர்மா?" என்று கேட்பார் மனைவி. எட்டு மணிக்கு ஆள் இருக்கமாட்டார். பிப் நம்பர் குத்த ஊக்கு, வாழைப்பழம், ஓஆர்எஸ் பாக்கெட் வாங்க தாசரஹள்ளி கடைவீதியில் இருப்பார். பத்து மணிக்கு வந்து ஆறின சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, பதினொன்றரைவரை போன் பேசிவிட்டு, "எல்லாரும் சீக்கிரம் தூங்குங்க" என்று குழுவில் ஒரு குரல் செய்தி போடுவார். அந்த டொய்ங் சத்தத்தில் ஐந்து வீடுகளில் ஐந்து பேர் விழித்துக்கொள்வார்கள்.

ஞாயிறன்று மெட்ரோ காலை ஏழு மணிக்குத்தான் ஓடத் தொடங்கும். ரிலே ஐந்தரைக்கே தொடங்கிவிடும். ஆகவே டெம்போ டிராவலர். நான்கே காலுக்கு ஜாலஹள்ளி கிராஸில் வண்டி நிற்கும். மூன்றரையிலிருந்து கேப்டன் எல்லோரையும் எழுப்பிக்கொண்டிருப்பார். போன் எடுத்தவரிடம் எழுந்துவிட்டாரா என்று கேட்பார். எழுந்துவிட்டேன் என்றால், உட்கார்ந்திருக்கிறாரா நின்றுகொண்டிருக்கிறாரா என்று கேட்பார்.

அங்கே ஆண்டுதோறும் ஒரே அதிசயம் நிகழ்கிறது. ஆறு கட்டமும் நிரம்பிய ஆள் வருவதில்லை. ஊரில் சித்தப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ராத்திரியே கிளம்பிவிட்டார், போனில் சார்ஜ் இல்லை. "நோடோணா" என்று சொல்லி, தாளில் ஒரு டிக்கும் வாங்காமல் போன ஆள் நான்கு மணிக்கே வந்து, மூடிய டீக்கடைப் படியில் தூங்கி வழிந்துகொண்டிருப்பார். கோ முனையும் நோ-கோ முனையும் இடம் மாறிப்போன இந்த நிலையில் கேப்டன் சற்று நேரம் வாயடைத்து நிற்பார். பிறகு வராதவரின் டி-ஷர்ட்டை வந்தவருக்கு மாட்டிவிடுவார். எல்லாமே எக்ஸ்எல் என்பதால் அளவில் சிக்கல் வராது.

ஓட்டம் பெரும்பாலும் நன்றாகவே நடக்கும். தினமும் பத்து மணி நேரம் மெஷின் முன்னால் நிற்கிற கால்களுக்கு ஐந்து கிலோமீட்டர் பெரிய தூரமல்ல. சிக்கல் கடைசிக் கைமாற்றத்தில் வரும். நூறு மீட்டர் ரிலேயில் கட்டையை மாற்ற முப்பது மீட்டர் இடம் தருகிறார்கள். முன்பு இருபதுதான் இருந்தது. சாலை ரிலேயில் ஒரு கம்பி வேலிக்குப் பின்னால் கும்பலாக நின்று, தன் ஆள் வருகிறாரா என்று எட்டிப்பார்க்க வேண்டும். அவ்வளவே வேலை. ஐந்தாவது ஆள் மூச்சிரைக்க, டைமிங் சிப் உள்ள பட்டையைக் கையில் ஏந்தி வந்து நிற்பார். வேலிக்குப் பின்னால் கேப்டன் இருக்கமாட்டார். ஐந்தாவது ஆள் கிளம்பிவிட்டாரா, வழியில் நின்றுவிட்டாரா என்று உறுதிப்படுத்திக்கொள்ள, சத்தமில்லாத இடம் தேடி ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் போய் அவருக்கே போன் போட்டுக்கொண்டிருப்பார். ஓடிவந்தவரின் இடுப்புப் பையில் போன் அடிக்கும். எடுத்தால், "எங்க இருக்கீங்க? வர்றீங்க, கன்ஃபர்ம் தானே?" என்ற குரல். "வந்து நிக்கிறேண்ணா. நீங்க எங்க?" அந்த வருடம் இழந்த நேரமெல்லாம் இங்கேதான் போகும்.

இத்தனைக்குப் பிறகும் கேப்டனை யாரும் மாற்றுவதில்லை. காரணமும் உண்டு. பதிவுக் கட்டணம் கட்ட முடியாத ஹெல்பருக்குக் கட்டுகிறவர் அவர். கட்டியதை வெளியே சொல்லாதவரும் அவரே. சனி இரவு ஷிஃப்டை மாற்றித்தரச் சொல்லி அந்தந்தப் பிரிவு சூப்பர்வைசரிடம் பல்லைக் காட்டுகிறவர் அவர். எல்லோரும் பதக்கத்தை மாட்டிக்கொண்டு இட்லி வடைக்கு தர்ஷினி ஓட்டல் தேடுகிற நேரத்தில், நொண்டிக்கொண்டு வருகிற கடைசி ஆளுக்காகத் தண்ணீர் பாட்டிலோடு வெயிலில் நிற்கிறவரும் அவரே. ஆறு நாள் வேலை, ஓவர்டைம், ஏழாம் நாள் துணி துவைப்பது என்று போகிற பீன்யா வாழ்க்கையில், வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு காரியத்துக்காக விடியற்காலையில் ஆறு பேரை ஒரே இடத்தில் நிறுத்துவது லேசுப்பட்டதல்ல. அந்தப் பதக்கங்கள் தாசரஹள்ளியிலும் ஜாலஹள்ளியிலும் பல வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகின்றன.

ரிலே கேப்டன் தானாக உண்டானவரும் அல்ல. வருவேன் என்று சொல்லிவிட்டு வராதவர்களும், வரமாட்டேன் என்பதை முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்பட்டு, பார்க்கலாம் என்று இழுக்கிறவர்களும் சேர்ந்து வளர்த்துவிட்ட பிறவி அவர். முதல் வருடம் அவரும் ஒரே ஒரு முறைதான் கேட்டிருப்பார். நான்கு பேர் வராமல் போனதும் அடுத்த வருடம் இரண்டு முறை கேட்டார். ஆறு கட்டத் தாள் அப்படி வந்ததுதான்.

ஆகவே கேப்டனிடமிருந்து செய்தி வந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான். வருவதானால் வருகிறேன் என்றும், வராவிட்டால் வரவில்லை என்றும் திங்கட்கிழமையே எழுத்தில் சொல்லிவிடுங்கள். வரவில்லை என்றால் அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். வேறு ஆள் பார்ப்பார். அந்த வாரம் அவர் வீட்டில் இருப்பவர்களும் கொஞ்சம் தூங்குவார்கள்.